பதினோரு வரி

காபிக்குச் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லியிருந்தேன், போட்டுக் கொண்டுவந்துவிட்டார்கள். பரவாயில்லை, மேடம். யாருக்கும் மறக்கும். கொண்டுவந்த அம்மாவை ஒன்றும் சொல்லாதீர்கள்.

கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள், தமிழிலேயே எழுதலாம் என்றீர்கள். நல்லது. என் பெயர் நெடுஞ்செழியன். தஞ்சாவூரில் இந்த சிப் டிசைன் கம்பெனியில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். சுடர்விழி என் மனைவி. எனக்கு ஒரு வருஷம் கழித்து இங்கேயே வேலைக்குச் சேர்ந்தாள். வீடு திருவையாறு. இதைச் செய்தது நான் ஒருவன்தான், வேறு யாரையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம்.

நீங்கள் நிர்வாகப் பிரிவு என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒரு சிப்புக்குள் லட்சக்கணக்கான சின்னச் சின்னக் கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மின்சாரம் உள்ளே வரவும் வெளியே போகவும் முனைகள் உண்டு, வயலுக்குத் தண்ணீர் பாய வாய்மடை இருக்கிற மாதிரி. அந்த முனையைத்தான் பின் என்கிறோம். வேண்டிய பின்னைக் கண்ணால் தேடி எடுக்க முடியாது. கெட் பின்ஸ் என்று ஒரு கட்டளை எழுதி, இப்படிப் பெயருள்ளதையெல்லாம் கொடு என்று மென்பொருளைக் கேட்க வேண்டும். பெயரில் எது வேண்டுமானாலும் வரலாம் என்ற இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அந்தக் குறி ஓர் எழுத்து தள்ளிப் போனால் பட்டியலே மாறிவிடும். மென்பொருள் அதைத் தப்பு என்று சொல்லாது. நீ கேட்டதைக் கொடுத்தேன் என்று சும்மா இருக்கும்.

அந்தக் கட்டளையைச் சுடருக்கு முதன்முதலில் சொல்லிக்கொடுத்தவன் நான். இதை எங்காவது குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டே வருஷத்தில் அவள் என்னைத் தாண்டிப் போய்விட்டாள். கட்டளையைத் தட்டுவதற்கு முன்பே எத்தனை பின் வரும் என்று சொல்லிவிடுவாள். நாலாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு என்பாள், அதுவே வரும். போன மாதம் பார்த்த எண்ணும் நினைவிருக்கும், அதற்கு முந்தின மாதத்ததும் நினைவிருக்கும். நான் ஏதாவது சந்தேகம் கேட்டுப் போனால், எங்கள் மேலாளர் ஜெக்கரியா, "சுடர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்களேன்" என்பார். வலங்கைமானில் என் அத்தை மகன் கல்யாணம். எல்லாரும் என் சொந்தக்காரர்கள். அங்கேயும் ஒருத்தர் என்னைக் காட்டி, "நம்ம சுடரு வூட்டுக்காரரு" என்று இன்னொருத்தருக்கு அறிமுகம் செய்துவைத்தார்.

பொறாமை என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபம் இல்லை. வயிறு எரிந்தது உண்மை. போன ஆடியில் அவளை எங்கள் குழுவுக்குத் தலைவியாக்கினார்கள். அன்று அவள் கடைத்தெருவில் அசோகா அல்வா வாங்கிவந்து, முதல் வாய் எனக்குத்தான் ஊட்டினாள். தின்றேன். ஆனால் நான் செய்ததற்குக் காரணம் அது இல்லை. அவள் ரொம்ப ஓடிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் நிதானப்படட்டும் என்று நினைத்தேன், அவ்வளவுதான்.

அவள் அம்மாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ராசம்மாள். நடவுக்கு ஆள் திரட்டிப் போகிறவர், நாற்பது பெண்களின் பெயரும் எந்தக் கொல்லையில் யார் நின்றார்கள் என்பதும் மனப்பாடம். ஐம்பது வயதில் மறதி வந்தது. முதலில் வயல் மறந்தது, பிறகு வீடு. கடைசியில் பெற்ற மகளைப் பார்த்து, "நீ எந்த ஊரு ஆயி?" என்று கேட்டார். சுடர் ஆறு வருஷம் கூடவே இருந்து குளிப்பாட்டிச் சோறு ஊட்டினாள். அவர் போனபிறகு என்னிடம் ஒரே ஒருமுறை, தனக்கும் அது வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. நானும் மறக்கவில்லை.

செவ்வாயும் வெள்ளியும் நான் வீட்டிலிருந்து வேலை பார்ப்பேன். அவள் அலுவலகம் போய்விடுவாள். அவளுடைய கடவுச்சொல் எனக்குத் தெரியும், அவள் என்னிடம் எதையும் மறைத்ததில்லை. ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, வெளியே நல்ல மழை. அவள் பெயரில் உள்ளே போய், அவள் எழுதிய ஒரு வரியில் நட்சத்திரக் குறியை ஓர் எழுத்து தள்ளி வைத்தேன். அரை நிமிஷ வேலை.

சாயங்காலம் முகம் வெளிறி வந்தாள். பன்னிரண்டு பின் குறைவாக வந்ததாம். திறந்து பார்த்தால் வரியே வேறு மாதிரி இருந்ததாம்.

"நானாங்க இப்படி எழுதுனேன்?" என்று கேட்டாள்.

"நீதாம்மா எழுதுன. நேத்து எங்கிட்ட காட்டுனியே" என்றேன்.

அவள் என்னை நம்பினாள். பத்து வருஷமாக நம்பிக்கொண்டுதானே இருந்தாள்.

பதினான்கு முறை மாற்றியதாக உங்கள் கணக்கு. பத்தொன்பது முறை. ஐந்து உங்களுக்கு அகப்படவில்லை, நானாகவே சொல்கிறேன். தினமும் செய்யவில்லை. ஒரு வாரம் விட்டுவிடுவேன், அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வரும், பிறகு ஒன்று. கார்த்திகையில் அவளே ஜெக்கரியாவிடம் போய், தனக்கு நினைவு சரியில்லை, பொறுப்பை வேறு யாருக்காவது கொடுங்கள் என்றாள். எனக்குக் கொடுத்தார்கள். நான் கேட்கவில்லை. அவள் ஸ்கூட்டர் ஓட்டுவதை நிறுத்தினாள். அடுப்பை அணைத்தோமா என்று நான்கு முறை போய்ப் பார்ப்பாள். நான்தான் சமைத்தேன், தலைவாரிவிட்டேன். இப்படி ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று எதிர்வீட்டுப் பிரகதீஸ்வரி டீச்சர் சொன்னது என் காதில் விழுந்தது. யாரும் என்னைப் பற்றி அப்படிச் சொல்லி ரொம்ப நாளாகியிருந்தது.

டாக்டரிடமும் நான்தான் கூட்டிப்போனேன். ஸ்கேனில் ஒன்றுமில்லை. எப்போதெல்லாம் தவறுகிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள், ஆறு மாதம் பார்ப்போம் என்றார் அவர். சுடர் நோட்டுப் போடவில்லை. அதற்கும் ஒரு நிரல் எழுதினாள். தினமும் காலையில் அது தானாகவே பின்களைக் கேட்டு எண்ணும், முந்தின நாளோடு ஒப்பிடும், வரி மாறியிருந்தால் எந்த நேரத்தில் மாறியது, எந்தக் கணினியிலிருந்து மாறியது என்று எழுதிவைக்கும். பதினோரு வரி. கணினி எது என்று எதற்கு என்று கேட்டேன். தடுமாற்றம் வீட்டிலிருக்கும்போது வருகிறதா, ஆபீஸில் வருகிறதா என்று டாக்டர் கேட்டால் சொல்ல வேண்டுமே என்றாள். அவள் தன்னைத் தவிர யாரையும் சந்தேகப்படவில்லை, மேடம். தன் நோயை அளந்து பார்க்கத்தான் அதை எழுதினாள்.

அதிலிருந்து இரண்டு வரியை எடுத்தேன். நேரமும் கணினியும் அதோடு போயின. எண்கள் மட்டும் மிஞ்சின. அந்த எண்களைத்தான் அவள் படித்தாள்.

அப்போது அவள் பத்து வாரம் முழுகாமல் இருந்தாள். ஆறு மாதம் பொறுக்கலாம் என்றுதான் டாக்டர் திரும்பவும் சொன்னார். வயிற்றில் இருப்பது பொறுக்காதே. தை கடைசியில், துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் சொன்னாள்: "அம்மாவுக்கு வந்தது எனக்கு வந்துட்டு. எங்கிட்டேருந்து அதுக்கும் போவும். பெத்த புள்ளைய யாருன்னு கேக்குறத என்னால தாங்க முடியாதுங்க. வேணாங்க."

உன் விருப்பம் என்றேன். ஆஸ்பத்திரியில் என்னையும் ஒரு கையெழுத்துக் கேட்டார்கள், போட்டேன். அவளை உள்ளே அழைத்துப் போகும்வரை ஒன்றரை மணி நேரம் வராந்தாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். என் கையைப் பிடித்துக்கொண்டு, மன்னிச்சிடுங்க என்றாள். நான் தட்டிக்கொடுத்தேன். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாமே என்று நேற்று கேட்டீர்கள். சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் அவள் ஒரு முடிவுக்கு வந்து மனசு அடங்கியிருந்தாள், அதை ஏன் கலைக்க வேண்டும் என்று பட்டது.

பங்குனியில் அவள் வேலையை விட்டாள். அவளுடைய கோப்புகளை எனக்கு மாற்றிக் கொடுக்கும்போது, சர்வர் சேமிப்பில் கிடந்த பழைய பிரதி ஒன்றை ஜெக்கரியா திறந்திருக்கிறார். பதினோரு வரியும் முழுசாக இருந்த பிரதி. ஓட்டிப் பார்த்தார். அவள் வருகை அட்டையைத் தேய்த்து அலுவலகத்துக்குள் இருந்த நேரங்களில், அவள் பெயரில், எங்கள் வீட்டுக் கணினியிலிருந்து வரிகள் மாறியிருந்தன. மீதி உங்களுக்குத் தெரியும்.

நான் அவளை அடித்ததில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. அவளுக்கு ஒரு நோயும் இல்லை. இல்லாத நோயை நான்தான் கொடுத்தேன், பத்தொன்பது தவணையாக. பிள்ளையும் அதில்தான் போயிற்று. எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன்.

நாளைக்கு அவளை வரச் சொல்லி நீங்களே எல்லாம் சொல்லப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சொல்லுங்கள். கடவுச்சொல்லைச் சொல்லுங்கள், நேரங்களைச் சொல்லுங்கள், வராந்தாவில் நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததையும் சொல்லுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்தான். மூளை போய்விட்டது என்று அழுதுகொண்டே அவள் எழுதிய அந்தப் பதினோரு வரியை எழுத எனக்கு நாற்பது வரி ஆகியிருக்கும், அப்போதும் அப்படி வந்திருக்காது. அதைப் படித்து நான் அசந்துபோனேன் என்பதை மட்டும் அவளிடம் சொல்ல வேண்டாம்.