லைப்ரரியில் ஊளையிட்டவள்

ராசிபுரத்தில் பஸ் கிளம்பியதுமே முன்சீட்டுப் பெண் பக்கத்திலிருந்த மூத்தவளிடம், "அவளைவிட நான் நல்லாவே ஊளையிடுவேனுங்கக்கா" என்றாள். ஜன்னலோரம் இருந்த எனக்குத் தூக்கம் கலைந்தது.

"யாரைக் கண்ணு சொல்றே?"

"ஆத்தூர்ல இருந்து புதுசா கல்யாணமாயி வந்திருக்கறாளே, அவளைத்தான். வருசா வருசம் கோடை லீவுல நம்ம லைப்ரரில புள்ளைங்களுக்கு நான்தானுங்க கதை சொல்லுவேன். இந்த வருசம் என்னென்ன பண்ணலாம்னு பேச நேத்து எல்லாரையும் கூப்புட்டிருந்தாங்க. இவ எந்திரிச்சு ஒரு நரிக்கதை சொன்னா. நடுவுல ஊளை வேற. பேப்பர் படிக்க வந்தவங்ககூட மடிச்சு வெச்சுட்டுப் பாத்தாங்க."

"உன்ற பையனும் வந்திருந்தானா?"

"வந்தான். நான் கதை சொன்னா தண்ணி குடிக்க எந்திரிச்சுப் போறவன், அவ முன்னால போயி சம்மணம் போட்டு உக்காந்துட்டான். ஊட்டுக்கு வந்தும் ஊளையிட்டுட்டேதான் சோறு திங்கறான்."

"அவ பேச்சே நம்மூருப் பேச்சாட்ட இருக்காதே."

"அதையும் அழகுன்னு சொல்றாங்கக்கா. கதை நேரத்தை அவளுக்கே குடுத்துட்டாங்க. நான் கோலம் சொல்லித்தரோணுமாம்."

"முடியாதுன்னு சொல்லிட்டு வந்திருக்க வேண்டியதுதானே?"

"சொல்லத்தான் எந்திரிச்சேன்." குரல் தணிந்தது. "அவ நரிக்கதையைப் பாதி சொல்லீட்டிருக்கறப்பவே டீ வந்துருச்சுங்க. மீதியை லீவு உட்டதும் சொல்றேன்னுட்டா. கோலமும் அதே ஹால்லதான், கதை காதுல உழும். சரின்னுட்டேன்."