நூற்று எண்பது சுத்தமான நாட்கள்

நானூற்றுப் பன்னிரண்டு நாட்கள் என் கணவன் லைலை நான்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். எனக்கு வண்டி ஓட்டப் பிடிக்கும்.

குடித்துவிட்டு ஓட்டியதற்காக அவனுடைய உரிமத்தைப் பறித்திருந்தார்கள். மரம் அறுக்கும் ஆலைக்கு, பல் வைத்தியரிடம், அவன் அக்கா மார்லிஸ் வீட்டுக்கு, எல்லாவற்றுக்கும் நான்தான். தெர்மாஸ் பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே வருவான். எங்கள் பதினோரு வருடக் கல்யாணத்தில் அவன் அவ்வளவு பேசியதில்லை.

பிறகு, வண்டியில் மூச்சுக் கருவி பொருத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு உரிமம் திரும்பி வந்தது. அதில் ஊதினால்தான் வண்டி கிளம்பும். மூச்சில் மது இருந்தால் பூட்டிக்கொள்ளும். நூற்று எண்பது நாட்கள் பிசகாமல் ஊதினால் கழற்றிவிடுவார்கள். ஒருமுறை பிசகினாலும் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். கழற்றிய பிறகுதான் அவனுடைய முதல் மனைவி, தங்கள் மகள் பிரிட்டாவை அவன் வண்டியில் ஏறவிடுவாள். அவர்கள் டுலூத் நகரத்தில் இருந்தார்கள். அங்கேயே வேலை தேடப் போவதாக லைல் சொன்னான். என்னையும் கூப்பிட்டான் என்றுதான் நினைக்கிறேன்.

நூற்று எழுபத்து நான்காம் நாள் காலை வண்டி பூட்டிக்கொண்டது.

ஒரு சொட்டுகூடத் தொடவில்லை என்றான். மார்லிஸ் சிரித்தாள்.

"நம்ம அப்பாவும் இதே மூஞ்சியோடதான் சொல்வாரு. நீ அவர விட நல்லா சொல்ற."

ஆலையில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவன் காபிக் கோப்பையை மட்டும் மோந்து பார்த்தார்களாம். நான் அவனைத் திட்டவில்லை. வண்டியைத் தொடவே கூசினான். இரண்டு வாரம் நானே ஓட்டினேன்.

அடுத்த முறை நூற்று எழுபதாம் நாள் வரை போனான். அன்று வண்டி மறுபடி பூட்டிக்கொண்டதும் சமையலறையில் வந்து உட்கார்ந்தான்.

"ரோண்டா, தூக்கத்துல எந்திரிச்சுப் போய்க் குடிக்கிறேனா? பாத்திருந்தா சொல்லிடு."

"நான் தூங்கிட்டேன், லைல்" என்றேன். அது உண்மைதான்.

மூன்றாவது முறை நூற்று எழுபத்தெட்டாம் நாள். ஜனவரி. உறைந்த ஏரியின் மேலேயே வண்டியை ஓட்டிப்போய், நடுவே தன் குடிலில் மீன் பிடித்துக்கொண்டிருந்தான். மதியம் சூப் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு என் வண்டியில் திரும்பினேன். அவன் கூப்பிடுவான் என்று கோட்டைக் கழற்றாமல் தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தேன். கூப்பிடவில்லை.

அவன் வண்டியின் கருவியில் பதினோரு முறை ஊதியதாகவும் பதினோரு முறையும் பூட்டிக்கொண்டதாகவும் பதிவாகியிருந்தது. குடிலில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, உள்ளேயே இருந்திருக்கலாம். பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரியில், கையுறைகூட இல்லாமல் நடந்திருக்கிறான். கரைக்கு எதிர்ப்பக்கமாக.

அடக்கம் முடிந்து ஒன்பதாம் நாள் மார்லிஸ் பிரேதப் பரிசோதனை அறிக்கையோடு வந்தாள்.

"ரத்தத்துல ஒண்ணுமே இல்லையாம், ரோண்டா. அவன் சொன்னது நெசம். நான் என்னெல்லாம் பேசிட்டேன். அப்புறம் ஏன் அந்த மெஷின் பூட்டுச்சு?"

அவள் தன்னையே குற்றம் சொல்லிக்கொண்டு அழுவதை என்னால் பார்க்க முடியவில்லை. அவளுக்கு ஆறுதலாக இருக்குமே என்றுதான் சொன்னேன்.

"மெஷின் மேல தப்பில்ல, மார்லிஸ். கார் கண்ணாடி கழுவுற, ஸ்பிரிட் கலந்த நீலத் தண்ணிய சீட்டுக்கு அடியில ஊத்தி வச்சா, அந்த ஆவியையும் அது குடிச்ச மூச்சுன்னுதான் எடுத்துக்கும். மூணு தடவையும் ஊத்தினது நான்."