நம்ம பக்கம் சைபர்

ஹலோ... அண்ணே, நான்தான். கேக்குதா?... எனக்கு மோட்டார் சத்தம்தான் கேக்குது. ஷெட்ட விட்டுக் கொஞ்சம் வெளிய வா... ம், இப்ப சரி... இல்ல இல்ல, வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்க. ஆபீஸ்லேர்ந்துதான் பேசறேன், மாடிப்படில நின்னுக்கிட்டு... சாப்பிடல. அப்புறம் சாப்பிட்டுக்கறேன். ஒரு பத்து நிமிஷம் குடு, நடுவுல வெச்சிடாமக் கேளு.

அண்ணி விஷயம்.

... ஆமா. ரெண்டு வருஷம் ஆச்சு, தெரியும்... தெரியும்ணே. இருந்தாலும் சொல்லணும்.

என் வேலை என்னன்னு தெரியும்ல?... ஆமா ஆமா, கேன்சர் கணக்கு. யாருக்கு என்ன வந்திருக்குன்னு ஆஸ்பத்திரிங்க எழுதி அனுப்பும். நான் மாவட்டம் மாவட்டமாப் பிரிச்சு மேப்புல கலர் அடிப்பேன். தோல் கேன்சர் மேப்புல மலைப் பக்கம் எப்பவும் நல்ல சிவப்பு. நம்ம உப்பளத்துப் பக்கம் வெள்ளை. ஒம்பது வருஷமா சைபர். ஒரு ஆள்கூட இல்ல... ஆமா, நானும் அப்படித்தான் நெனச்சேன். நம்ம தோல் கறுப்பு, வெயில் ஒன்னும் பண்ணாதுன்னு.

போன மாசம் வேற ஒரு வேலைக்காக இறப்புப் பதிவேட்ட வரவழைச்சாங்க. எதனால செத்தாங்கன்னு ஒரு கட்டம் இருக்கும். நம்ம பக்கத்துல அதுல 'ஆறாத கால் புண்', 'ஆறாத கால் புண்'னு திரும்பத் திரும்ப வருது... எண்ணினேன். இருபத்தி மூணு... ஆமாண்ணே, இருபத்தி மூணு. மலைப் பக்கத்துல அப்படி ஒன்னுகூட இல்ல.

... ஏன்னா அங்க பெரிய ஆஸ்பத்திரி, தோலுக்குன்னே மூணு டாக்டருங்க. வருஷா வருஷம் தலைலேர்ந்து கால் வரைக்கும் பாக்கறாங்க. கடுகளவு மச்சத்தக்கூட வெட்டி டெஸ்ட்டுக்கு அனுப்பிடறாங்க, அதனால அங்க நம்பர் ஏறுது. நம்ம பக்கம் யாரு பாத்தா? கம்பவுண்டர் மருந்து வெச்சுக் கட்டுவாரு, புண்ணுன்னு எழுதுவாரு... அவரத் திட்டாத. அவருக்கு யாரு சொல்லிக் குடுத்தா?

அந்த இருபத்தி மூணுல பதினேழாவது வரி அண்ணி.

... இருக்கியா?... ம்.

நான் சொல்ல வந்தது அதுகூட இல்ல... சொல்றேன், அவசரப்படாத.

அண்ணி போறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி எனக்கு ஒரு போட்டோ அனுப்பினாங்க. குதிகால்ல கறுப்பா, மை கொட்டின மாதிரி. கீழ, 'உங்க ஆபீஸ்ல எழுதற நோயா இருக்குமாம்மா, யாரையாவது கேட்டுச் சொல்றியா'ன்னு. நான் கேக்கல அண்ணே. எந்திரிச்சு அடுத்த ரூமுக்குப் போனா டாக்டர் இருக்காரு. போகல. உக்காந்த எடத்துலேர்ந்தே பதில் அடிச்சேன். 'நம்ம பக்கம் அந்த நோயே கிடையாது அண்ணி, என் கணக்குல சைபர். அது வெறும் கால் ஆணி, பிளேடு வெக்காதீங்க'ன்னு. சிரிக்கிற பொம்மை ஒன்னு வேற போட்டேன்.

...

இந்த ஒரு மாசமா கண்ண மூடினா அந்தக் குதிகால்தான். பஸ்ல முன்னாடி ஏறுறவங்க செருப்பு தூக்கினா பாக்கறேன். வீட்ல ஈரக்கால் தடம் இருந்தா அதத் தாண்ட முடியாம நின்னுடறேன். நேத்து மேப்பத் தொறந்தா, அந்த வெள்ளை எடத்துல யாரோ நின்னு என்னையே பாக்கற மாதிரி... பைத்தியம் இல்லண்ணே, நெஜமாத்தான் சொல்றேன். அந்தப் போட்டோல கணுக்காலப் புடிச்சிருக்கறது உன் கை. அந்த நசுங்கின சுண்டுவிரல் நகம். நீதான எடுத்த?

... பதிலயும் படிச்சியா?... எப்ப?... கடைசி நாள்லயா... அண்ணியே காட்டினாங்களா.

அப்போ ரெண்டு வருஷமா உனக்குத் தெரியும். அண்ணி போன அன்னிக்கு என் பக்கத்துலதான உக்காந்திருந்த. ஒரு வார்த்த கேக்கலயே நீ... என்ன சொன்னாங்க?... 'அவகிட்ட இதக் கேட்டுடாத, தாங்க மாட்டா'ன்னா?

... ...

இல்ல, அழல. படில ஆளுங்க போறாங்க. ஒரு நிமிஷம்.

ம்... ரெண்டு வார்த்த திட்டிட்டுப் போயேன் அண்ணே... சரி. சரி சரி. விடு.

வேலையச் சொல்றேன். கேன்சர் கணக்கு, இறப்புப் பதிவேடு ரெண்டையும் தூக்கிட்டு மேலதிகாரிகிட்டப் போனேன். சைபர் இருக்கற எடத்துக்குப் பரிசோதனை வண்டி அனுப்ப முடியாதுன்னாரு. பாக்காத எடத்துல சைபர்தான் சார் இருக்கும்னேன்... ஆமா, நானேதான். குரலக்கூட ஒசத்திட்டேன். மலைப் பக்கத்துலேர்ந்து மீட்டிங்குக்கு வந்த தோல் டாக்டரம்மா அங்க இருந்தாங்க. அவங்ககிட்ட அந்தப் போட்டோவ நீட்டினேன். கண்ணாடியக் கழட்டிட்டுக் கிட்ட வெச்சுப் பாத்தாங்க. போட்டோவ வெச்சு முடிவாச் சொல்ல முடியாது, ஆனா நம்மள மாதிரி கறுப்புத் தோலுக்கு உள்ளங்கால்லயும் நகத்துக்கு அடியிலயும்தான் அது அதிகமா ஒளிஞ்சிருக்கும், வெயிலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லன்னாங்க. 'இவங்களக் கூட்டிட்டு வர முடியுமா?'ன்னு கேட்டாங்க. இறப்புப் பதிவேட்டத் தொறந்து அந்தப் பதினேழாவது வரியக் காட்டினேன். அவங்களுக்குப் புரிஞ்சிடுச்சு.

அப்புறம் டாக்டரம்மாவே மேலதிகாரிகிட்டப் பேசினாங்க. வண்டி வருது அண்ணே. வர்ற வியாழக்கிழம, ஒரே நாள். ஆனா பத்துப் பேராவது முன்னாடியே பேர் குடுக்கணுமாம். அதுக்குத்தான் உன்னக் கூப்பிட்டேன். காலடில கறுப்பா, ஆறாம, யாருக்கெல்லாம்... இரு, பேனா எடுக்கறேன். ம்.

லாரிக்காரர் சம்சாரம்... எந்த விரல்?... நகமே கறுத்துடுச்சா. சரி. மேஸ்திரியோட அப்பா... ம். நெட்டையனா? அவனுக்கு முப்பதுகூட ஆகலயே... செருப்புக் கடின்னு சொல்லிட்டுத் திரியறானா. எழுதிட்டேன். தையல் அக்கா... மூட்டை தூக்கறவங்கள்ல ரெண்டு பேரு, ஆறு. ஸ்கூல் ஆயா, ஏழு... பூட்டு ரிப்பேர்காரர்... ஒம்பது, சைக்கிள் கடை மாமா. எப்படி அண்ணே இப்படி ஒன்னு விடாமச் சொல்ற?... நீயும் போறவங்க வர்றவங்க காலத்தான் பாத்துட்டு இருக்கியா?

... ம்.

பத்தாவது?... சொல்லு... ஏன் நிறுத்திட்ட?

... எந்தக் கால்?

எத்தன மாசமா?... அஞ்சு மாசமா யார்கிட்டயும் சொல்லல... பிள்ளைங்களுக்கும் தெரியாது.

இங்க பாரு. நீ வியாழக்கிழம வரைக்கும் இருக்காத. வண்டி மத்தவங்களுக்கு வரட்டும், நீ இப்பவே கெளம்பு. டாக்டரம்மா நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் இங்கதான் இருக்காங்க... மோட்டார யாராவது பாத்துப்பாங்க. சட்ட மாத்த வேணாம், அப்படியே வா... பிள்ளைங்ககிட்ட நான் சொல்லிக்கறேன். ரெண்டு மணி பஸ்ஸுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கு, புடிச்சிடலாம்... எனக்கும் பயமாத்தான் இருக்கு.

நடக்கறியா?... வீட்டுக்கா, ரோட்டுக்கா?... ரோட்டுக்கா, சரி. போன வெக்காத. பேசாட்டியும் பரவால்ல, காதுலயே வெச்சிட்டு நட.

... ...

... ம். இருக்கேன்.

...

பஸ் சத்தமா அது?... கைய நல்லா நீட்டு... ஏறிட்டியா?... ஜன்னல் ஓரமா உக்காரு. காலத் தொங்கப் போடாத... சரி. சரி அண்ணே, வெக்கறேன்.