சிவப்பு மணல் வெளுத்த விதம்

நான் சிறுவன் என்பதால் என் பெயரும் முகவரியும் தனித்தாளில் உள்ளன. வயது பதினாறு. தெருவில் என்னை வாலு என்பார்கள். எங்கள் தெருப் பொதுக் குடிநீர் வடிகட்டியைப் பராமரிப்பவர் என் அப்பா. நிலத்தடி நீரில் ஆர்சனிக் என்ற நஞ்சு இருப்பதால் இந்த வடிகட்டியை வைத்தார்கள். அதற்குள் இருக்கும் மணல் துருப்பிடித்துச் செங்கல் நிறமாக இருக்கும்.

சென்ற திங்களன்று அதன் மேல், ‘இங்கே துரு இலவசம், தொட்டுக்கொள்ளத் தண்ணீர்’ என்று எழுதி ஒட்டினேன். குடத்தோடு வந்தவர்கள் சிரித்தார்கள். தையற்கார அண்ணன் அப்பாவிடம், “என்ன துருதுரை, மணலைக் குளிப்பாட்டி எத்தனை நாளாச்சு?” என்றார். அதன் பிறகு எல்லாரும் அப்படியே கூப்பிட்டார்கள். அப்பா அன்று சாப்பிடவில்லை. ஒட்டியது நான் என்று அவருக்குத் தெரியாது. “சிரிச்சா அவங்க பல்லுதான் தெரியும், விடுங்கப்பா” என்றேன்.

மறுநாள் அப்பா கழிவறை கழுவும் ஆசிட்டை மணலில் ஊற்றிக் கிளறி, அதன் பிறகு புளிப்புப் போகும்வரை அலசினார். அலசிய நீர் வெளியேற வேறு வழி இல்லாததால் குடிநீர்த் தொட்டிக்குள் இறங்கியது. தொட்டியைத் திறந்துவிட்டும் அடியில் அந்த நீர் கொஞ்சம் நின்றது. மணல் சோறுபோல வெளுத்தது. அப்பா, “இப்பச் சொல்லட்டும்” என்றார். தண்ணீர் பிடிக்க எல்லாரும் தயங்கியதால், அம்மா அவர்கள் முன்னால் இரண்டு செம்பு குடித்து, “எங்க வீட்டுக்காரர் கை பட்டதுல்ல, கண்ணாடி மாதிரி இருக்கு பாருங்க” என்றார். அதன் பிறகு அம்மாவுக்கு வாந்தி நிற்கவில்லை. வியாழனன்று மருத்துவமனையில் இறந்தார்.

தண்ணீரைச் சோதிக்க வந்த அதிகாரியம்மா, “சிவப்புத்தாங்க வடிகட்டியே. நஞ்சு துரு மேலதான் ஒட்டும். மணல் அது உட்கார்ற இடம். துருவைக் கரைச்சதும் பிடிச்சு வெச்சதெல்லாம் மொத்தமா இறங்கிடுச்சு” என்றார். அப்பா, “இதை வெச்சவங்க மணலைப் பத்திச் சொன்னாங்க. சிவப்பைப் பத்தி யாரும் பேசலைங்க” என்றார்.

அப்பா வேண்டுமென்றே நஞ்சு கலந்ததாக வழக்கு என்று அறிந்து காவல் நிலையத்துக்கு வந்தேன். தாளை ஒட்டியது நான், அந்த அவமானத்தில்தான் அப்பா கழுவினார் என்று சொன்னேன். கம்பிக்குப் பின்னாலிருந்து அப்பா, “சார், அவன் சும்மா வாயடிப்பான், எழுதிக்காதீங்க” என்றார். அதன் பிறகு என் பக்கம் திரும்பவில்லை.

நான் சொன்னபடியே எழுதி, தாய்மாமன் முன்னிலையில் எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அத்தனையும் நடந்தவை.

(கையொப்பம்)