நீலப் பல்லு

— வாயத் தொற, அழகா.

— ம்ஹூம்.

— தொறடா! கந்தப்பளை பஸ்ஸுல ஏறுனதுலருந்து ஊமையாட்டம் வர்ற. பொண்ணு வீடு இருக்குற லயத்து வரிச அந்தா தெரியுது.

— ஆஆ...

— அடி ஆத்தி! பல்லெல்லாம் நீலம்! என்னத்தடா தின்ன?

— திங்கலக்கா. வெளக்குனேன்.

— எதால?

— எப்பவும் கொய்யாக் குச்சிதான். அந்தக் கொய்யா மரத்த எவனோ மொட்டையா ஒடிச்சிட்டுப் போயிட்டான். இந்தக் குளிருல வேப்பமரத்துக்கு எங்கக்கா போறது? அதான் தேயிலக் குச்சி. பொண்ணு பாக்கப் போறமேன்னு ஒண்ணுக்கு மூணா மென்னேன்.

— எந்த மலையில ஒடிச்ச?

— ஏழாம் நம்பர் தேயில மலையில.

— வெளங்கிரும்! நேத்துத்தானடா எலையில கொப்புள நோய்னு அந்த மலைக்கு மருந்து அடிச்சாங்க. நீல மருந்து! அடிச்சவன் எவன்?

— நாந்தாங்க்கா.

— என் ராசா! முழுங்கலயே?

— துப்பிட்டேன். உப்புப் போட்டுத் தேச்சேன், கரியப் போட்டுத் தேச்சேன். மினுமினுக்குது, ஆனா நீலம் போகல.

— போன தடவ டிக்கோயாவுல பொண்ணு பாக்கப் போயி, அந்தப் பொண்ணோட அப்பன்கிட்ட, "மாமா, பல்லு ஏன் மஞ்சளா இருக்கு"ன்னு கேட்ட. அந்தச் சம்பந்தம் போச்சு. அதுக்கு முந்தி ரெண்டும் ஒன் வாயாலதான் போச்சு. இதுவும் போனா நான் இனிமே எங்கயும் வர மாட்டேன், சொல்லிட்டேன்.

— எனக்கும் பயமாத்தாங்க்கா இருக்கு.

— வாயுள்ள புள்ள பொழைக்கும்பாங்க. இன்னைக்கு நீ வாயில்லாப் புள்ள. எது கேட்டாலும் தலைய மட்டும் ஆட்டு. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்.

* * *

— அப்பாடா, ரோட்டுக்கு வந்தாச்சு. இனிப் பேசுடா.

— மௌன விரதம்னு ஏங்க்கா சொன்ன?

— வேற என்னத்தச் சொல்ல? விரதக்காரன் ஏழு பணியாரம் தின்னுட்டான், அதுவும் ஒதட்டத் தொறக்காம! அந்தம்மா என்ன சொல்லுச்சு தெரியுமா? "தங்கமான பையன், அதிர்ந்து ஒரு வார்த்த பேசல"ன்னுச்சு.

— அப்ப சரிங்கிறாங்களா?

— அவங்க சரிதான். நீ சொல்லு. பூரணியப் புடிச்சிருக்கா?

— கட்டுனா இந்தப் பொண்ணத்தாங்க்கா கட்டுவேன்.

— அதுவும் ஒரு வார்த்த பேசலயேடா. முந்தானையால வாயப் பொத்திக்கிட்டே நின்னுச்சு. நல்ல வெக்கக்காரப் பொண்ணு.

— வெக்கம் இல்லக்கா. டீத்தண்ணி குடுக்கையில ஒரு தும்மல் போட்டுச்சு. வாயிலருந்து முந்தானை வெலகிருச்சு.

— வெலகுனா?

— இந்தத் தோட்டத்துலயும் மருந்து அடிச்சிட்டாங்கக்கா.