இரண்டு பச்சைப் பட்டன்கள்

டீ ஆறிவிடப் போகிறது சார், குடித்துக்கொண்டே கேளுங்கள். தாராவியில் இந்தக் கடை இஞ்சி டீயை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

தோல் பை தைக்கும் பட்டறை என்னுடையது. போன வருஷம் கம்ப்யூட்டர் தையல் மெஷின் ஒன்று வாங்கினேன். அதைப் பார்க்கிற மாதிரி தன்னை ஒருநாளும் பார்த்ததில்லை என்று என் மனைவி ரஷீதா கேலி செய்தாள். உண்மைதான்.

தொல்லை என்னவென்றால், புதுசுக்கு யானைப் பசி. தோலை வெட்டிக் கொடுக்கும் பிரஸ்ஸோ பழசு. அதில் இரண்டு பச்சைப் பட்டன்கள். இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினால்தான் மேல்தட்டு இறங்கும். அதனால் வெட்டு மெதுவாகத்தான் நடக்கும். புது மெஷின் பாதி நேரம் சும்மா நின்றது. எனக்கு வயிறு எரிந்தது. புது பிரஸ்ஸும் வாங்கியிருக்கலாம். ஆனால் ஓடுகிற மெஷினை யாராவது ஓரங்கட்டுவார்களா? காட்கோபரில் நடந்த வியாபாரிகள் கூட்டத்திலும், பழசைப் புதுசுக்கு ஈடுகொடுக்க வைப்பதுதான் சாமர்த்தியம் என்றார்கள்.

வைத்தேன். இடது பட்டன் அமுங்கியே இருக்கும்படி சைக்கிள் டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டினேன். இனி வலது கை ஒன்றே போதும். இடது கை தோலை நகர்த்திக்கொண்டே இருக்கலாம்.

வெட்டுகிற பூலோகம் தங்கமான மனுஷன், என்னிடம் பதினோரு வருஷம். ஒரே ஒரு தடவைதான் கேட்டார்.

"பாய், கை உள்ள போயிரக் கூடாதுன்னுதானே ரெண்டு பட்டன் வச்சிருக்கான்?"

"பழகுன கைக்கு எதுக்குவே பட்டன்?" என்றேன்.

பாராட்டு யாருக்குத்தான் பிடிக்காது? சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

நான்கு மாதம் ஜோராக ஓடியது. ஐந்தாவது மாதம் அவருடைய இடது கை மணிக்கட்டோடு போயிற்று.

ரப்பரை அவரே கட்டிக்கொண்டார் என்று உங்கள் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் ஆபீசில் எழுதிக் கொடுத்தது நான்தான். அது பொய். கட்டியவன் நான். இதைச் சொல்லத்தான் உங்களைக் கூப்பிட்டேன். பூலோகத்தை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது நெஞ்சு லேசாகிவிட்டது சார்.

அந்தப் பிரஸ் இனி என் கண்ணில் படவே கூடாது என்று நேற்றுதான் கோவண்டியில் பட்டறை வைத்திருக்கிற ஒருவருக்கு விற்றேன். ஓட்டிப் பார்த்துவிட்டு, இந்த வேகம் எங்கும் கிடைக்காது என்று சந்தோஷப்பட்டார். ரப்பர்தான் நைந்து போயிருந்தது. புதுசாக ஒன்று கட்டிக் கொடுத்தேன். குறையோடு ஒரு பொருளை நான் யாருக்கும் விற்றதில்லை.