மூணு லென்ஸோட ரோலர் கோஸ்டருக்கு

…அதேதாங்க நானும் கேட்டேன். கேமரா நிக்க வைக்கிற ட்ரைபாட் என்ன கத்தியா, கடப்பாரையா? மூணு காலு, அதுவும் மடக்கித்தான் வச்சிருக்கேன். இந்தப் பார்க்கு வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி அதைப் பையிலேருந்து உருவி, ஏதோ துப்பாக்கியப் பிடிச்ச மாதிரி தூக்கிக் காட்டறாரு. "ஷூட்டிங்கா மேடம்? பர்மிஷன் லெட்டர் இருக்கா?"ங்கறாரு. ஆமாய்யா, ஷூட்டிங்குதான். கதாநாயகி என் பொண்ணு, எட்டு வயசு, முன்பல்லு ரெண்டும் கிடையாது. அதை எடுக்க நான் எந்த மந்திரிகிட்ட கையெழுத்து வாங்கணும்?

நகருங்க, லைன் போகுது… ம்ஹும், போகலை. ரோலர் கோஸ்டர்ல மேலேருந்து விழறப்போ கம்பத்துல மாட்டின கேமரா தானா ஒரு படம் எடுக்குமாம். அதை வாங்கறதுக்கு இவ்ளோ கூட்டம்! அந்த பொம்மக் கேமராவுக்கு வந்த வாழ்வைப் பாருங்க. அது மேல தொங்கலாம். நான் கழுத்துல மாட்டிட்டு வந்தா மட்டும் கலவரம்.

நீங்களும் அந்த ரோலர் கோஸ்டர்ல ஏறுனீங்களா? பரவால்லயே.

சரி, ட்ரைபாட வாசல்லயே வாங்கி வச்சிட்டாங்க. மிச்சம் என்ன இருக்கு? ஒரு கேமரா… சரி, ரெண்டு. மூணு லென்ஸு. ஒரு ஃப்ளாஷு, பேட்டரி, துடைக்கிற துணி, மழை வந்தா மூடறதுக்கு ஒரு கவரு. அவ்ளோதான்! இதுக்குப் போய் எங்க வீட்டுக்காரரு, "நாம வீடு மாத்தறோமா, சுத்திப்பாக்க வந்தோமா?"ன்னாரு. பேசறது யாரு? லிஃப்ட்ல ரெண்டாவது மாடி தாண்டுனாலே தலை சுத்துதுன்னு சுவத்தப் பிடிச்சிக்கற மனுசன்.

நான் ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கறவங்க. பதினாலு வருசமா. "மூச்சப் பிடிங்க, அசையாதீங்க, ஆச்சு, விடுங்க." என் கையில ஒரு படம் ஆடுச்சுன்னு சரித்திரமே கிடையாது. காலு ஒடிஞ்சவன்கூட என் சொல்லுக்கு அசையாம கிடப்பான். இங்க பாருங்க, காலு நல்லா இருக்கறவன் ஒருத்தன் நிக்கிறானா? கரடி வேசம் போட்டவரு பக்கத்துல இவள நிறுத்தி ஃபோகஸ் பண்றேன், கரடி தண்ணி குடிக்கப் போயிருச்சு. தலையக் கழட்டி கக்கத்துல இடுக்கிக்கிட்டு! "அம்மா, எப்பம்மா பெருசுல ஏறப்போறோம்?"னு இவ ஒரு பக்கம். இருடி, வெளிச்சம் நல்லாருக்கு, இன்னொண்ணு.

வந்ததே அந்தப் பெரிய ரோலர் கோஸ்டருக்காகத்தாங்க. போன வருசம் அங்க உயரம் பாக்கற கோட்டுக்கிட்ட நிறுத்துனா, ரெண்டு விரக்கடை கம்மி. ஏத்த மாட்டேன்னுட்டாங்க. அழுகைன்னா அழுகை, காரு வரைக்கும். "அடுத்த வருசம் வளந்துருவ. அம்மா பக்கத்துல உக்காந்து கையப் பிடிச்சிக்கறேன்"னு சத்தியம் பண்ணேன். ஒரு வருசமா மாசாமாசம் சுவத்துல சாஞ்சு நின்னு பென்சில் கோடு போட்டுக்கிட்டா. குதிகால தூக்கறாளான்னு அவங்கப்பா தரையில படுத்துப் பாக்கணும்.

இன்னிக்குக் கோட்டத் தாண்டிட்டா. அப்பப் பாத்து அங்க இருக்கறவரு, பை வரக்கூடாதுங்கறாரு. லாக்கர்ல வைங்கங்கறாரு. லாக்கராங்க அது? ஒரு ஜோடி செருப்பு வைக்கலாம், அதுவும் குழந்தை செருப்பு. இல்லேன்னா ஆபீஸ்ல குடுங்க, டோக்கன் தருவாங்களாம். டோக்கனாம்! துண்டுச் சீட்ட வாங்கிக்கிட்டு என் லென்ஸ குடுத்துட்டு வரணுமாம்.

வீட்டுக்காரரா? கைய நீட்டுனாருதான், இல்லேங்கல. "நான் வச்சிருக்கேன், நீ கூடப் போ"ன்னாரு. யாருகிட்ட? லென்ஸுல தூசின்னு சட்டை நுனியால அழுத்தித் துடைச்ச மனுசன்கிட்டயா?

அதான் இவளத் தனியா அனுப்புனேன். "மூஞ்சியக் கோணாம சிரிச்சிக்கிட்டே இரு. அம்மா கீழேருந்து எடுக்கறேன்." என்னப் பாத்தா, பையப் பாத்தா, போயிட்டா.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? நானும் ஏறிட்டா படம் யாரு எடுக்கறது?

எடுத்தேனான்னா… எங்கங்க எடுக்க விட்டாங்க! குறுக்க ஒரு கம்பம். வெயிலு நேரா கண்ணுல. அந்தத் தண்டவாளத்த இந்தப் பக்கம் திருப்புனவனுக்கு போட்டோவப் பத்தி ஒரு துளி அறிவு இருந்திருந்தா… விடுங்க. இவ அப்பாகூட சாப்பிட்டுக்கிட்டிருக்கா. நான் இங்க நிக்கிறேன், தலையெழுத்து.

ஆ, ஸ்க்ரீன்ல ஓடுது பாருங்க. ரெண்டாவது வரிசை… இதுதான், இதுதான் எங்க வாண்டு! எல்லாரும் வாயப் பொளந்துக்கிட்டுக் கத்தறாங்க. இவ மட்டும்… சிரிக்கறாளா? கன்னமெல்லாம் ஈரமா இருக்கு, சிரிக்கறா. கீழ எதையோ தேடற மாதிரி பாக்கறா. பக்கத்துல யாரோட கையவோ இறுக்கிக்கிட்டு…

ஏங்க. அந்தப் பச்ச சட்டை நீங்கதானே?

இவ்ளோ நேரம் சொல்லவே இல்லையே! …ஆமா, நான் எங்க பேச விட்டேன். கையக் காட்டுங்க. ஐயோ, நகம் பதிஞ்சிருக்கே. அழுதாளா? ரொம்பவா? என்னங்க சொன்னா? …"எங்கம்மா கீழ படம் எடுக்கறாங்க, நீங்களும் சிரிங்க ஆன்ட்டி"ன்னாளா?

கம்பம் இல்லைங்க. வெயிலும் இல்ல. வண்டி உச்சிக்கு ஏறறப்போ பெரிய லென்ஸு போட்டாத்தான் மூஞ்சி தெளிவா வரும்னு தோணுச்சு. பையத் தொறந்து குனிஞ்சு மாத்திக்கிட்டிருந்தேன். நிமிந்தா, வண்டி வந்து நின்னிருச்சு. இறங்கி ஓடி வந்து, "எடுத்தியாம்மா?"ன்னா. "சூப்பரா வந்திருக்குடி, பிரின்ட் போட்டுக் கொண்டாறேன், நீ போய் சாப்பிடு"ன்னுட்டேன்.

இந்தப் படத்த வாங்கி, ஓரத்துல இந்தப் பார்க்கு பேரு அச்சடிச்சிருக்கறத வெட்டிட்டு, நான் எடுத்ததுன்னு காட்டிரலாம்னுதாங்க வந்து நின்னேன். பேர வெட்டிரலாம். அவ பிடிச்சிக்கிட்டிருக்கறது உங்க கையாச்சே… அத எப்படிங்க வெட்டறது?